கரிசலில் நிற்கும் வீடு

சுவரில் விழுந்த வெடிப்பைக் காட்டத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் முதலில் பார்ப்பது கதவுகளை. ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, கதவின் மேல் விளிம்பைத் தடவிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அங்கே பெயிண்ட் போய் வெறும் மரம் தெரிந்தால், தச்சர் இழைப்புளி வைத்துச் சீவியிருக்கிறார். எதற்காகச் சீவினீர்கள் என்று கேட்டால், "மழைக்கு மரம் ஊதிக்கிச்சு சார்" என்பார்கள். மரம் ஊதினால் கதவு பக்கவாட்டில்தான் இறுகும், கோடை வந்ததும் தானாக விட்டுக் கொடுக்கும். மேல் விளிம்பின் ஒரு மூலையை மட்டும் சாய்வாகச் சீவியிருந்தால் கதை வேறு. நிலை சதுரம் தவறியிருக்கிறது. அதைப் பிடித்து நிற்கும் சுவரின் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, அல்லது இறங்கியிருக்கிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று கரிசல் வட்டாரம் முழுக்கச் சுற்றி வீடு கட்டிக்கொடுப்பதும், வெடித்த வீடுகளைப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் இதைவிட நல்ல மண் கிடையாது. மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பயிரைக் காப்பாற்றும். விவசாயி கொண்டாடுகிற அந்தக் குணம்தான் வீட்டுக்காரருக்குத் தொல்லை. மே மாதம் உழாத கரிசல் காட்டில் நடந்து பாருங்கள். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், சில வெடிப்புகளில் கையிலிருக்கும் கம்பு முழங்கை வரை இறங்கும். ஐப்பசி மழை நாலு நாள் ஊற்றினால் அவ்வளவும் மூடிக்கொள்ளும். அந்த வெடிப்புகளை மூட மண் வெளியிலிருந்து வரவில்லை. அதே மண்தான் ஊதுகிறது. அப்படி ஊதும்போது அதன் மேல் ஒரு வீடு நின்றால் அந்த வீட்டையும் தூக்கும்.

காரணம் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது. அதன் துகள்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டவை. தகடுகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்தால் அடுக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். இந்த விரிவுக்கு இருக்கும் பலம் பலருக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. ஒற்றை மாடி வீட்டின் பாரத்தை அது தூக்கிவிடும். மூன்று நான்கு மாடிக் கட்டடம் தன் எடையாலேயே மண்ணை அமுக்கிப் பிடித்துக்கொள்வதால் அந்த அளவுக்கு அசையாது. அதாவது கரிசலில் அதிகம் அடி வாங்குவது சின்ன வீடுதான். ஒரு குடும்பம் ஆயுள் சேமிப்பைப் போட்டுக் கட்டும் வீடு.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்த பிறகு, மண் பரிசோதனை என்ற பேச்சு எங்கள் பக்கமும் வந்தது. ஆனால் அது அடுக்குமாடிக்கு உரிய சமாச்சாரம் என்றே மக்கள் மனதில் பதிந்துவிட்டது. "ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு எதுக்கு சார் அதெல்லாம்? அந்தக் காசுக்கு நாலு மூட்டை கம்பி கூடப் போடலாம்" என்று என்னிடமே சொல்வார்கள். கம்பி மூட்டைக் கணக்கில் வருவதில்லை என்பது இருக்கட்டும். கரிசலில் ரெண்டு பெட்ரூம் வீட்டுக்குத்தான் மண் பரிசோதனை முதலில் தேவை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். டீச்சர் என்றுதான் ஊரே கூப்பிடும். கிராஜுட்டி, பி.எஃப். எல்லாவற்றையும் போட்டுக் கட்டிய வீடு. குடிபோன இரண்டாம் வருஷம் ஈசானிய மூலைப் படுக்கையறையில் ஜன்னலுக்கு மேலே சாய்வாக ஒரு கோடு விழுந்தது. கொத்தனார் வந்து கொத்திவிட்டு சிமெண்டு பூசினார். மறுவருஷம் அதே இடத்தில் இன்னும் அகலமாக வந்தது. அப்புறம் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தார்கள். அதற்கடுத்து வாஸ்துக்காரர் ஒருவர் சொல்லி அடுப்படியை இடம் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பணம் செலவானது, வெடிப்பு போகவில்லை. நான் போனபோது டீச்சர் சொன்ன முதல் வார்த்தை, "சிமெண்டுல ஏமாத்திட்டாங்களோ தம்பி?" என்பதுதான்.

சிமெண்டில் குறை இல்லை. வீட்டைச் சுற்றி வந்து ட்யூப் லெவல் பிடித்தோம். தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய்தான், விலையுயர்ந்த கருவி ஒன்றுமில்லை. கட்டும்போது பேஸ்மட்டக் கோடு மட்டமாகத்தான் இருந்திருக்கும். இப்போது அந்தப் படுக்கையறைச் சுவரின் மூன்று மீட்டர் நீளத்தில் மட்டும் 14 மி.மீ. வித்தியாசம் காட்டியது. ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இருவர் 1956-இல் ஏராளமான கட்டடங்களின் அளவுகளைத் திரட்டிப் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. நீளத்தில் முந்நூறில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற இறக்கம் வந்தால் சுவர் வெடிக்கத் தொடங்கும் என்கிறது அது. மூன்று மீட்டருக்கு 10 மி.மீ. ஆறேழு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் கிட்டத்தட்ட வருகிற உயரம்தான். ஒரு சுவரை உடைக்க அவ்வளவு போதும்.

அந்த மூலை இறங்கவில்லை, ஏறியிருந்தது. எதனால் என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தண்ணீர் ஈசானியத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி, தரைத்தொட்டியை அந்தச் சுவரை ஒட்டியே கட்டியிருந்தார்கள். சாயங்காலம் தொட்டியை நிரப்பச் சொல்லி, வால்வை அடைத்து, தண்ணீர் மட்டத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டேன். மறுநாள் காலை தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே நின்றது. குளியலறைத் தண்ணீரும் அதே மூலையில் வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. எதிர் மூலையில், கன்னிமூலைப் பக்கம், சுவரிலிருந்து ஆறடியில் ஒரு வேம்பு. வருஷம் பூரா இந்த மூலை மண் குடித்துக்கொண்டே இருக்கிறது, அந்த மூலை மண்ணை வேம்பு உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. நடுவில் வீடு ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்படுகிறது.

டீச்சருக்கு வாயால் விளக்கினால் போதாது என்று தோன்றியது. முற்றத்து மண்ணில் கொஞ்சம் எடுத்துக் காயவைத்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடி அளவுக்குழாய்களில் போட்டேன். ஒன்றில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர். குமிழிகள் வெளியேறும்படி கலக்கிவிட்டு 24 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது, தண்ணீரில் ஊதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மண்ணின் குணம். ஐ.எஸ். 2720, பகுதி 40 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கிற சோதனை இது. மறுநாள் பார்த்தபோது மண்ணெண்ணெய்க் குழாயில் மண் 10 மில்லி அளவில் படிந்திருந்தது, தண்ணீர்க் குழாயில் 22 மில்லி. 120 சதவீத ஊதல். ஐம்பதுக்குள் இருந்தால் பயமில்லை. நூறைத் தாண்டினால் அதிகம், இருநூறைத் தாண்டினால் மிக அதிகம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். டீச்சர் இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நாப்பது வருஷம் இந்த மண்ணுல நடந்திருக்கேன், இது தெரியாமப் போச்சே தம்பி" என்றார்.

தரைத்தொட்டியை மூடிவிட்டு, தண்ணீருக்குத் தெருப்பக்கம் மேடையில் பிளாஸ்டிக் தொட்டி வைத்தோம். குளியலறைத் தண்ணீரைக் குழாய் வழியாக வீட்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோனோம். வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, கீழே கெட்டியான பாலித்தீன் தாள் விரித்து கான்கிரீட் மேடை போட்டோம். சுவரைத் தொடவே இல்லை. வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்து, மாதாமாதம் இடைவெளியை அளந்து குறித்து வரும்படி டீச்சரிடமே விட்டேன். அவர் வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு எழுதினார். ஒரு வருஷத்தில் 6 மி.மீ. இடைவெளி 2 மி.மீ.க்கு வந்து நின்றது. அதற்கப்புறம்தான் கொத்தனாரைக் கூப்பிட்டு, வெடிப்புக்குக் குறுக்கே செங்கல் வரிகளுக்கு நடுவே கம்பி வைத்துத் தைத்து மூடினோம்.

வேம்பை வெட்டவில்லை. பலரும் வெட்டிவிடத்தான் சொல்வார்கள். வீட்டுக்கு முந்தியே நின்ற பெரிய மரத்தைத் திடீரென்று வெட்டினால், அது இத்தனை காலம் காயவைத்திருந்த மண் மறுபடி ஈரம் ஏறி ஊதும். இறங்கிய மூலை ஏறத் தொடங்கும், புதிய பக்கத்தில் வெடிப்பு வரும். கிளைகளைக் கழித்து, இலைப் பரப்பைக் குறைத்து, படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். புதிதாக மரம் வைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த மரம் முழுசாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். கரிசலில் இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

வெடிப்பைப் படிக்க எல்லா வீட்டுக்காரரும் கற்றுக்கொள்ளலாம். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் வந்தால், சுவரின் ஓரம் இறங்குகிறது, அல்லது நடுப்பகுதி ஏறுகிறது. கீழே அகலம், மேலே மெல்லிய கோடு என்றால் அதற்கு நேர்மாறு. செங்கல் வரியோடு படிக்கட்டுபோல ஏறிப் போகும் வெடிப்பும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பும் மண்ணைச் சந்தேகிக்க வைப்பவை. கூரைத் தளத்துக்கு அடியில் படுக்கை வாட்டில் ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாக வரும் மயிரிழைக் கோட்டுக்கு இரண்டு பொருளும் வேறுவேறு என்பதுதான் காரணம். இந்த இரண்டுக்கும் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பூச்சு வெடிப்பைப் பார்த்துப் பயந்து வீட்டையே விற்கக் கிளம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு விரல் நுழையும் வெடிப்பை காலண்டர் மாட்டி மறைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு அறிகுறி மெதுவாக வருவது. வீடு கட்டியதும் அதற்கு அடியில் உள்ள மண்ணுக்கு வெயில் படுவது நின்றுபோகிறது. கீழிருந்து ஏறும் ஈரம் ஆவியாகப் போக வழியில்லாமல் நடுவீட்டுக்கு அடியில் தங்குகிறது. சில வருஷங்களில் ஹாலின் நடுத்தரை லேசாகக் குமிழும். டைல்ஸைத் தட்டினால் பொக்குச் சத்தம் கேட்கும். தரை மேல் நேரடியாகக் கட்டிய தடுப்புச் சுவர் தூக்கப்பட்டு தளத்தோடு முட்டும். டைல்ஸ் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் தரையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்று கேட்பார்கள். ரெண்டடி கன மண்சுவரும், கல் சுவரும், சுண்ணாம்புக் காரையும் கொஞ்சம் வளைந்து கொடுப்பவை. விழுந்த கீறலை வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அடைத்துவிடுவார்கள். ஒன்றரைச் செங்கல், ஒரு செங்கல் என்று மெலிந்துகொண்டே வந்த சிமெண்டுச் சுவருக்கு அந்த வளைந்து கொடுக்கும் குணம் இல்லை. கெட்டியாக நிற்கும், அப்புறம் படாரென்று உடையும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு வழி இருக்கிறது. அதுவும் புதுசு இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950-களிலேயே அண்டர் ரீம் பைல் என்ற அஸ்திவாரத்தை இந்த மண்ணுக்காகவே உருவாக்கியது. மழைக்கும் வெயிலுக்கும் ஊதிச் சுருங்கும் மண் மேலே சில மீட்டர்தான். அதைத் தாண்டி, குறைந்தது 3.5 மீட்டர் ஆழத்துக்கு ஆகர் என்ற துளைக்கருவியால் துளை போட்டு, அடியில் துளையைக் குமிழாக அகலப்படுத்தி, கம்பி இறக்கி கான்கிரீட் போடுவது. துளை 30 செ.மீ. என்றால் குமிழ் அதைப்போல இரண்டரை மடங்கு, 75 செ.மீ. மேல்மண் ஊதித் தூக்கப் பார்த்தாலும் அடியில் உள்ள குமிழ் விடாது.

பைல்களை இணைத்து மேலே ஓடும் கிரேடு பீமுக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 80 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும். மண் ஊதுவதற்கு அந்த இடம் தேவை. இங்கேதான் எனக்கும் கொத்தனார்களுக்கும் ஓயாத வழக்கு. "என்ன சார், பீமுக்கு அடியில காத்தாட விட்டிருக்கீங்க? எலி போகும், பாம்பு போகும்" என்று நான் இந்தப் பக்கம் போனதும் உடைந்த செங்கலும் ஜல்லியும் திணித்து வைத்துவிடுவார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், பாரத்தை மண் தாங்க வேண்டும் என்பது அவர்கள் பாடம். திணித்ததையெல்லாம் கடப்பாரையால் குடைந்து எடுக்கச் சொல்வேன். ஓரத்தில் மட்டும் பீமைத் தொடாமல் ஒரு செங்கல் தடுப்பு வைத்தால் எலிக்கும் பாம்புக்கும் அது போதும். இப்போது எங்கள் பக்கம் கட்டப்படும் பெரும்பாலான வீடுகளில் தூண் அஸ்திவாரம் அஞ்சடி ஆழத்தில் ஒழுங்காகத்தான் போடுகிறார்கள். ஆனால் தூண்களுக்கு நடுவில் ஓடும் பிளிந்த் பீமைக் கரிசல் மேலேயே படுக்கவைத்துவிடுகிறார்கள். மழைக்கு மண் அந்த பீமைத்தான் முதுகு கொடுத்துத் தூக்குகிறது.

பைல் போட வசதி இல்லாதவர்கள் கரிசலை எடுத்துவிட்டு வேறு மண் நிரப்பலாம். இதில் என்ன மண் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆற்றுமணலோ எம் சாண்டோ நிரப்பினால் மெத்தைபோல் இருக்கும் என்று நம்பி நிறையப் பேர் நிரப்புகிறார்கள். மணலுக்குள் மழைத்தண்ணீர் சட்டென்று இறங்கும், கீழே கரிசல் அதைப் போகவிடாது, குழி தொட்டியாகிவிடும். அந்தத் தொட்டி மாதக்கணக்கில் கரிசலுக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி பல வருஷம் பரிசோதித்துச் சொன்னது, ஒட்டும் தன்மை உள்ள ஆனால் ஊதாத மண் ஒரு மீட்டர் கனத்துக்கு இருந்தால் கீழே உள்ள ஊதலை அது அடக்கிவிடும் என்பது. எங்கள் பக்கத்தில் அதற்கு நல்ல செம்மண் சரள் கிடைக்கிறது. அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். ஒரே நாளில் டிப்பரில் கொட்டி மூடுவதால் பயன் இல்லை.

மனை வாங்குமுன் வருவாய்த்துறை ஆவணங்களைப் பாருங்கள். 'அ' பதிவேட்டில் மண்ணின் வகையும் தரமும் குறித்திருப்பார்கள். புலப்படத்தில் பழைய கிணறு, ஓடை எங்கே என்று தெரியும். இன்று மனைப்பிரிவாக இருப்பது நேற்றுத் தோட்டம். கமலை இறைத்த கிணற்றைக் குப்பை போட்டு மூடி அதன் மேல் மனை எண் நட்டிருப்பார்கள். பாதி வீடு கெட்டி மண்ணிலும் பாதி வீடு மூடிய கிணற்றிலும் நின்றால் அதற்கு வைத்தியமே சிரமம்.

காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் நிலம் உள்வாங்குதலும் நிலச்சரிவும் அடங்கும். ஆனால் புதுக்கட்டடத்தின் இயல்பான வெடிப்பு, படிமானம், நிரப்பிய மண்ணின் அசைவு, தவறான வடிவமைப்பு, மோசமான வேலை, மட்டமான பொருள் ஆகியவற்றால் வரும் சேதம் சேராது என்றும் அதிலேயே இருக்கிறது. கரிசல் வீட்டு வெடிப்பில் பெரும்பாலானவை இந்த விலக்குகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். பாலிசிப் பத்திரத்தை வாங்கிய அன்றே படித்துவிடுங்கள்.

பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் வீடோ அடுக்ககமோ வாங்கியவர்களுக்கு 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் கைகொடுக்கிறது. சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து புகார் கொடுத்தால், விற்றவர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்று பிரிவு 14 சொல்கிறது. தனி மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் அஸ்திவார வகை, ஆழம், நிரப்பு மண், வெடிப்புக்கு யார் பொறுப்பு, எத்தனை வருஷம் என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒரே வரியை நம்பி லட்சங்களைக் கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பழைய வீடு வாங்குகிறவர்கள் கோடை உச்சத்தில் ஒரு முறையும், மழை முடிந்து ஒரு முறையும் போய்ப் பாருங்கள். புதுப் பெயிண்ட் மணக்கும் வீட்டில் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள். வீட்டைச் சுற்றி நடந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது, செப்டிக் டேங்க் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

ஏற்கெனவே வெடித்த வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இன்றே கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் அகலத்தையும் எழுதுங்கள். வீட்டைச் சுற்றிக் கசியும் தண்ணீரை முதலில் நிறுத்துங்கள். வருகிற மே மாதமும் டிசம்பரிலும் மறுபடி அளந்து எழுதுங்கள். வெடிப்பு வேகமாக அகலமானாலோ, ஒரு விரல் அளவு வந்தாலோ, தூணிலோ பீமிலோ தெரிந்தாலோ மட்டும் காத்திருக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மற்றபடி ஒரு வருஷக் கணக்கு கையில் இருந்தால், வருகிற பொறியாளர் ஊகத்தில் வேலை சொல்ல மாட்டார், உங்கள் பணமும் பூச்சு வேலையில் வீணாகாது.